சுவர் இருந்தால்தான் சித்திரமா? வளர்ச்சித் திட்டங்களும் பண்பாட்டு உரிமையும்: ஒரு விவாத இழை

பிப்ரவரி 2, வாசகர் ஒருவரின் கேள்வி

"குடிநீர் இல்லாத, மருத்துவமனை இல்லாத இடங்களில் பன்னாட்டு நிதி அருங்காட்சியகத்துக்கும் நடன விழாவுக்கும் போவதில் என்ன நியாயம்? சுவர் இருந்தால்தான் சித்திரம். அணையும் சாலையும் முதலில் வரட்டும், பாட்டையும் சடங்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பண்பாட்டு உரிமை என்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. மறுப்பவர்கள் ஒரே ஒரு உதாரணமாவது தரட்டும்."

பிப்ரவரி 2, இரவு

ஒன்று போதும் என்றால் நூபியாவைத் தருகிறேன். எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலுமாக நைல் கரையில் இருக்கும் பகுதி அது. அணையும் அங்கேதான் வந்தது, பன்னாட்டுப் பண்பாட்டு நிதியும் அங்கேதான் வந்தது.

1960 ஜனவரியில் எகிப்தில் அஸ்வான் உயர் அணையின் வேலை தொடங்கியது. நீர் தேங்கினால் நைல் கரையின் பழங்கோயில்கள் மூழ்கிவிடும் என்று அதே ஆண்டு மார்ச் 8 அன்று யுனெஸ்கோ உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் சுமார் 50 நாடுகள் கை கொடுத்தன. அபு சிம்பெல்லின் இரண்டு கோயில்களையும் ஆயிரத்துக்கும் அதிகமான துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே, ஆற்றிலிருந்து 200 மீட்டர் உள்ளே கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். 1964இல் தொடங்கி 1968இல் முடிந்தது. செலவு அன்றைய கணக்கில் சுமார் 4 கோடி டாலர். பன்னாட்டுப் பண்பாட்டு ஒத்துழைப்பு என்றதும் இன்றுவரை எல்லோரும் முதலில் காட்டுவது இதைத்தான். காட்ட வேண்டியதுதான். அந்தப் பொறியியலைப் பற்றிப் படித்தால் மலைப்பாக இருக்கும்.

அதே தண்ணீர் அதே ஆண்டுகளில் எகிப்திலும் சூடானிலுமாகச் சுமார் 1 லட்சம் நூபிய மக்களை வெளியேற்றியது. எகிப்தியப் பகுதியினரை 1963-64இல் கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். சூடானின் வாதி ஹல்ஃபா மக்களைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, அட்பரா ஆற்றங்கரையில் கஷ்ம் எல் கிர்பாவுக்குக் கொண்டுபோனார்கள். நூபிய வீடு என்றால் மண்சுவரில் வண்ண ஓவியம், வாசலுக்கு மேலே பதித்த பீங்கான் தட்டு, முன்னால் நைல். கோம் ஓம்போவில் கிடைத்தவை வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஆறு கண்ணுக்கு எட்டாத தூரம்.

கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டார்கள். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் வர வேண்டும் என்று வரைபடம் வைத்திருந்தார்கள். எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது என்பதற்கு அப்படி ஒரு வரைபடத்தை யாரும் முக்கியமாகக் கருதவில்லை. புதிய குடியிருப்பில் வீடுகளை அறைகளின் எண்ணிக்கைப்படி அடுக்கினார்கள். பெரிய குடும்பத்துக்கு ஒரு வரிசை, சிறிய குடும்பத்துக்கு இன்னொரு வரிசை. ஆகவே மகன் ஒரு கோடியில், பெற்றோர் மறு கோடியில்.

கேள்வி கேட்டவரே, இங்கே சுவர் எது, சித்திரம் எது?

பிப்ரவரி 3

"கோயில்களை மூழ்க விட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?" இல்லை. அப்படி எங்கே எழுதியிருக்கிறேன்? காப்பாற்றியது சரி. உதவிய நாடுகளுக்கு எகிப்து சில கோயில்களையே பரிசாகக் கொடுத்தது. தெபோத் மாட்ரிட்டில் இருக்கிறது, தெந்தூர் நியூயார்க்கில். அதையும் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கை இரண்டு பத்தியிலும் எழுத வேண்டும். நைல் கரைக் கோயில் ஒன்று நியூயார்க்கில் கூரைக்குக் கீழ், பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன்னால், தன் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தடாகத்தோடு நிற்கிறது. கோயிலுக்குத் தண்ணீர் அருகில் இருக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இன்னொன்று. அஸ்வானில் 1902இல் கட்டிய பழைய அணையை 1912இலும் 1933இலும் உயர்த்தினார்கள். அப்போதெல்லாம் நூபியக் கிராமங்கள் மூழ்கின. உலகம் கூடவில்லை.

பிப்ரவரி 5

"வயிறு நிறைந்தவர்களின் பேச்சு" என்பதற்கு வருகிறேன். சட்ட வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் 25ஆம் பிரிவு உணவு, உடை, வீடு, மருத்துவம். 26 கல்வி. 27 சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்கு பெறும் உரிமை. சாப்பாட்டுக்கும் பண்பாட்டுக்கும் நடுவே பள்ளிக்கூடம் மட்டும்தான் இருக்கிறது.

1966இல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஆவணங்கள் வந்தன. நவம்பர் 4இல் பன்னாட்டுப் பண்பாட்டு ஒத்துழைப்பின் கோட்பாடுகள் பற்றிய யுனெஸ்கோ பிரகடனம். டிசம்பர் 16இல் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை. முதலாவது நாடுகளைப் பார்த்துப் பேசுகிறது: ஒவ்வொரு பண்பாட்டுக்கும் மதிப்பு உண்டு, ஒத்துழைப்பு இரு தரப்புக்கும் பயன் தர வேண்டும் என்று. இரண்டாவது மனிதரைப் பார்த்துப் பேசுகிறது: அதன் 15ஆம் பிரிவின்படி பண்பாட்டு வாழ்வில் பங்கு பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. நாடுகளுக்கு முதலாவதுதான் பிடிக்கும். அதில் விழா நடத்தலாம், குழு அனுப்பலாம், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைக் கையில் எடுத்தால் குடிமகன் கேள்வி கேட்பான். அந்த 15ஆம் பிரிவு ஒரு அரசை எதற்கெல்லாம் கட்டுப்படுத்தும் என்று ஐ.நா. குழு விரிவாக எழுதி முடித்தது 2009இல். 43 ஆண்டு!

பிப்ரவரி 6

நேரடி அனுபவம் உண்டா என்று ஒருவர் சீண்டியிருக்கிறார். உண்டு. நாட்டையும் நிறுவனத்தையும் சொல்வதாக இல்லை.

ஒரு மறுகுடியமர்வுத் திட்டத்தில் கணக்கெடுப்பாளனாக வேலை பார்த்தேன். வீட்டுக்கு வீடு போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். சுவரின் நீளம், உயரம், கூரையின் வகை, கிணற்றின் ஆழம். மரங்களுக்குத் தனிப் பக்கம். நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவை எழுத வேண்டும். காய்க்கும் மரத்துக்கு ஒரு விகிதம், காய்க்காததற்கு ஒரு விகிதம். நேர்த்தியான படிவம். அதைத் தயாரித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர்.

ஒரு பெரியவர் என்னைக் குடியிருப்புக்குப் பின்னால் அழைத்துப்போனார். முழங்கால் உயரத்தில் சில கற்கள், எழுத்து ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு, யார் யார் என்று சொன்னார். சில கற்களுக்கு இரண்டு பெயர் சொன்னார். கடைசியில், "இதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறாய்?" என்றார். என் படிவத்தில் 'இதர அசையாச் சொத்துகள்' என்று ஒரு கட்டம் இருந்தது, விரல் அகலத்துக்கு. அதில் 'கல்லறைக் கற்கள்' என்று எழுதினேன். மாலையில் மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு, "இதற்கு விலை விகிதம் கிடையாது, எழுதினால் கூட்டல் ஒத்துவராது" என்றார். கெட்ட மனிதர் அல்லர். கூட்டல் ஒத்துவராதது உண்மைதான். கற்கள் பின்னிணைப்பில் ஒரு புகைப்படமாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பின்னிணைப்பை யாரும் திறந்து பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

பண்பாட்டு உரிமை என்று பேசும்போது எனக்கு விழா மேடை நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கட்டம்தான் வருகிறது.

பிப்ரவரி 6, சற்றுக் கழித்து

"இப்போதெல்லாம் அப்படி இல்லை, உலக வங்கிக்கே பண்பாட்டு மரபுக்குத் தனி விதி இருக்கிறது" என்று எழுதியவருக்கு: இருக்கிறது. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல், சமூகச் சட்டகத்தில் எட்டாவது தரநிலை. கல்லறை, புனித இடம் மட்டுமல்ல, வாய்மொழி மரபும் சடங்கும்கூட அதில் இடம்பெற்றுள்ளன. முன்னேற்றம்தான். ஆனால் அடுத்த வரியையும் படியுங்கள். தொட்டுப் பார்க்க முடியாத மரபுக்கு அந்தத் தரநிலை பொருந்த வேண்டுமானால், திட்டத்தின் பௌதிகக் கூறு ஒன்று அந்த மரபைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்க வேண்டும், இல்லையென்றால் திட்டமே அந்த மரபை வணிகத்துக்குப் பயன்படுத்த வேண்டும். மகனையும் பெற்றோரையும் வெவ்வேறு வரிசையில் வைத்ததால் ஒரு பாட்டு நின்றுபோனது என்றால் அது எந்த வகையில் சேரும்? வழக்கறிஞர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9

இரண்டாவது உதாரணம். இதில் அணை இல்லை, ஆலை இல்லை. மக்களை வெளியேற்றியது இயற்கைப் பாதுகாப்புதான்.

கென்யாவின் பொகோரியா ஏரிக்கரையில் என்டோரோயிஸ் என்ற மேய்ச்சல் சமூகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. வழிபாடு, பருவச் சடங்கு, ஆண்பிள்ளைகளின் விருத்தசேதனம் எல்லாமே அந்த ஏரியைச் சுற்றித்தான். மாட்டுக்கு உப்பு அங்கே, மூலிகை அங்கே, முன்னோர் அங்கே. 1970களில் அரசு அந்த நிலத்தை வனவிலங்குக் காப்பகமாக அறிவித்து அவர்களை வெளியேற்றியது. 2003இல் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2010 பிப்ரவரியில் முடிவு வெளியானது. சமயம், சொத்து, பண்பாடு, இயற்கை வளம் ஆகிய உரிமைகள் மீறப்பட்டன என்பதோடு ஆணையம் நிற்கவில்லை. வளர்ச்சிக்கான உரிமையும் மீறப்பட்டது என்றது.

ஏன் என்று பாருங்கள். பணம் போதவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்கவில்லை. முடிவெடுத்த இடத்தில் அந்த மக்கள் இல்லை. தங்களுக்கு எது வளர்ச்சி என்று தேர்ந்தெடுக்க விடாமல் கொடுப்பது வளர்ச்சியில் சேராது என்பதே ஆணையத்தின் வாதம். தொடக்கக் கேள்வியை எழுதியவர் பண்பாட்டை ஒரு பக்கமும் வளர்ச்சியை மறு பக்கமும் வைத்துத் தராசு பிடித்தார். ஆணையம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது.

பிப்ரவரி 10

"அப்படியானால் நிலம் திரும்பிவிட்டது, நல்ல முடிவு" என்று மகிழ்ந்தவருக்கு ஒரு திருத்தம். திரும்பவில்லை. நிலவுரிமையை ஏற்க வேண்டும், ஏரிக்கு வழிபாட்டுக்குப் போக விட வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்பவை பரிந்துரைகள். ஆணையத்துக்குப் போலீஸ் கிடையாது.

அதைவிட வேடிக்கை அடுத்த ஆண்டு நடந்தது. 2011இல் பொகோரியா உள்ளிட்ட கென்யாவின் ஏரித் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. ஏரி யாருடையது என்ற வழக்கில் வென்றவர்களிடம் முறையான சம்மதம் வாங்காமலேயே! அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிரிக்க ஆணையம் தனித் தீர்மானம் போட்டுக் கண்டித்தது. வேலியே பயிரை மேய்வது என்று நம்மவர் சொல்வது இதைத்தான். 2019இல் உலக மரபுச் சின்னங்களுக்கான நடைமுறை விதிகளில் பழங்குடி மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதத்தைக் காட்ட வேண்டும் என்பது சேர்ந்தது. பொகோரியாவுக்குக் கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நூபியாவில் கல்லைக் காத்தார்கள், மனிதரைப் பார்க்கவில்லை. பொகோரியாவில் பறவையையும் வெந்நீர் ஊற்றையும் காத்தார்கள், மனிதரைப் பார்க்கவில்லை. நடுவே அரை நூற்றாண்டு, எத்தனையோ பிரகடனங்கள்.

பிப்ரவரி 13

மூன்று நாளாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், ஒரு பெண் வாசகர் எழுதிய இரண்டு வரி. "சமூகம் சம்மதித்தது என்கிறீர்கள். சமூகம் என்று வந்து உட்காருபவர்கள் யார்? என் பாட்டியை யாரும் கேட்டதில்லை."

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நான் கணக்கெடுத்த இடத்திலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. முன்வரிசையில் ஆண்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். குறிப்பேட்டில் 'சமூகம் ஒப்புக்கொண்டது' என்று பதிவானது. மேலே எழுதிய ஏரிக் கதையிலும் சமூகம், சமூகம் என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் யார் வாய் திறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாதம் நிற்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பண்பாட்டுப் பன்மை பற்றிய பிரகடனத்தின் 4ஆம் பிரிவு, பன்மையைக் காரணம் காட்டி மனித உரிமையை மீறவோ சுருக்கவோ கூடாது என்கிறது. ஐ.நா.வின் பண்பாட்டு உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஃபரீதா ஷஹீத் 2012இல் கொடுத்த அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. பண்பாடு பெண்களுக்குத் தடை என்று பேசிக்கொண்டே இருப்பதை விட்டு, பண்பாட்டை உருவாக்குவதிலும் மாற்றுவதிலும் பொருள் சொல்வதிலும் பெண்களுக்குச் சம உரிமை உண்டா என்று கேட்கச் சொன்னது. அந்தப் பாட்டியிடம் கேட்பது சலுகை இல்லை. எது தொடரலாம், எது போகலாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை இருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வழக்கத்திலிருந்து வெளியேறுவதும் பண்பாட்டு உரிமைதான்.

ஆகவே, பழையதை அப்படியே வைத்திருப்பதற்காக வாதாடுகிறேன் என்று நினைத்து ஆதரித்தவர்கள் ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பிப்ரவரி 14

கலைஞர் பரிமாற்றம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2005 அக்டோபர் 20 அன்று பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மை பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு 148 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இரண்டே இரண்டு: அமெரிக்காவும் இஸ்ரேலும். அதன் 16ஆம் பிரிவு வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கும் படைப்புகளுக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. தூதரக ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பிரிவைப் படித்ததில்லை. நிலையான வருமானச் சான்று கேட்பார். பறை அடிப்பவரோ பொம்மலாட்டம் ஆடுபவரோ நிலையான வருமானத்துக்கு எங்கே போவார்? விழா அழைப்பிதழில் ஒத்துழைப்பு, விசா விண்ணப்பத்தில் சந்தேகம்.

அந்த உடன்படிக்கையின் நிதியம் விருப்ப நன்கொடையில் ஓடுகிறது. யுனெஸ்கோவுக்குச் செலுத்தும் சந்தாவில் 1 சதவீத அளவாவது ஆண்டுதோறும் தாருங்கள் என்று உறுப்பு நாடுகளை ஊக்குவிக்கிறார்கள். ஊக்குவிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 18

எப்போதும் குறையே சொல்கிறீர்கள், ஒழுங்காக நடந்தது ஒன்றாவது உண்டா என்கிறார்கள். டிம்பக்டு.

2012இல் மாலியின் அந்நகரில் ஆயுதக் குழுக்கள் ஞானிகளின் அடக்கத்தலங்களை இடித்தன. யுனெஸ்கோ பணம் திரட்டியது. கட்டியவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். அந்த மண் கட்டடங்களைத் தலைமுறைகளாகப் பூசிப் பராமரித்த குடும்பங்கள் அவர்களுடையவை. மழைக்குக் கரைவதும் மறுபடி பூசுவதும் அந்தக் கட்டடங்களின் இயல்பு. ஆகவே அறிவு கட்டடத்தில் இல்லை, கொத்தனார் கையில் இருக்கிறது. 2015இல் வேலை முடிந்தது. வெளியாட்கள் பணமும் ஆய்வும் கொடுத்தார்கள், கரண்டியைப் பிடுங்கவில்லை.

இடிப்பில் பங்கெடுத்த அல் மஹ்தி என்பவருக்கு 2016இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பது ஆண்டு சிறை விதித்தது. 2017இல் 27 லட்சம் யூரோ இழப்பீடு நிர்ணயித்தது. அதில் மாலி அரசுக்கு அடையாளமாக 1 யூரோ, உலகத்தின் சார்பில் யுனெஸ்கோவுக்கு 1 யூரோ. மீதி டிம்பக்டு மக்களுக்கு, குறிப்பாக அந்த அடக்கத்தலங்களை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் ஞானிகளின் வழித்தோன்றல்களுக்கும். பண்பாட்டு இழப்பு என்றால் யாருடைய இழப்பு என்று இவ்வளவு துல்லியமாகப் பங்கு பிரித்த தீர்ப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த இரண்டு யூரோவுக்காகவே நீதிபதிகளைப் பிடிக்கும்.

பிப்ரவரி 19

நூபியர்களுக்கு இப்போது என்ன நிலைமை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1997இல் அஸ்வானில் அழகான நூபிய அருங்காட்சியகம் திறந்தார்கள், அதிலும் யுனெஸ்கோவின் கை உண்டு. 2014இல் எகிப்தின் அரசமைப்புச் சட்டத்திலேயே 236ஆம் பிரிவில், நூபியர்களை அவர்களுடைய பூர்வீகப் பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவரும் திட்டங்களைப் பத்து ஆண்டுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் வந்த ஆணை ஒன்று எல்லையோரப் பகுதிகளை ராணுவ மண்டலமாக்கியது, பழைய நூபியக் கிராமங்கள் பலவும் அதற்குள் சிக்கின. பத்து ஆண்டுக் கெடு 2024இல் முடிந்துவிட்டது. அருங்காட்சியகம் திறந்திருக்கிறது.

பிப்ரவரி 21

ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் பண்பாட்டுக்குத் தனி இலக்கு வேண்டுமா என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. 2015இல் ஏற்ற 17 இலக்குகளில் அது இல்லை. 11.4 என்ற உட்பிரிவில் பண்பாட்டு, இயற்கை மரபைப் பாதுகாப்பது பற்றி ஒரு வரி உண்டு. 2022இல் மெக்சிகோ நகரில் கூடிய 150 நாடுகள் தனி இலக்கு வேண்டும் என்று அறிவித்தன.

எனக்கு இதில் அரை மனதுதான். அந்த 11.4ஐ எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? மரபைப் பாதுகாக்கத் தலைக்கு எவ்வளவு செலவானது என்று. அரசு, தனியார் எல்லாம் சேர்த்து. 1960களின் நூபியாவை இந்த அளவுகோலில் வைத்தால் அபு சிம்பெல்லின் 4 கோடி டாலருக்கு முதல் மதிப்பெண் விழும். கோம் ஓம்போவில் வெவ்வேறு வரிசையில் கிடந்த குடும்பங்கள் கணக்கிலேயே வராது. பொகோரியாவின் வேலிக்கும் மதிப்பெண் உண்டு, வேலிக்கு வெளியே நிற்பவருக்கு இல்லை. என் படிவத்தின் கூட்டலும் இதே மாதிரிதான் ஒத்துவந்தது.

பதினெட்டாவது இலக்கு வந்தே தீரும் என்றால், அதில் ஒரே ஒரு குறியீட்டைக் கேட்பேன். பாதிக்கப்படும் மக்கள் வேண்டாம் என்றதால் ஒரு நாட்டில் ஓராண்டில் எத்தனை திட்டங்கள் மாறின, எத்தனை நின்றன? கருத்துக்கேட்பு எத்தனை நடந்தது என்று கேட்கக் கூடாது, அதைக் கூட்டி விடுவார்கள். எந்த நாடும் இதற்குக் கையெழுத்துப் போடாது என்பது தெரியும். பேச்சுவார்த்தையில் முதலில் வெட்டி எறிவதும் இதைத்தான். யார் வெட்டச் சொன்னார்கள் என்பதையாவது கூட்டக் குறிப்பில் எழுதி வைக்கட்டும்.